எல்லாரும் நல்லா இருக்கோம்

விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தாகிவிட்டது. கைக்குழந்தைக்காரி வந்தாள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். பெட்டி தொலைந்துபோன ஆள்கூடக் கத்தி ஓய்ந்துவிட்டு வந்து டாக்ஸி பிடித்தார். கடைசியாக விமானம் ஓட்டினவர்களே தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாலுவின் அப்பா மட்டும் வரவில்லை.

“ஓட்டினவரே வீட்டுக்குப் போயிட்டார். உக்காந்து வந்தவரைக் காணோம்,” என்றாள் வாலு.

“உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்டி,” என்றாள் அம்மா. வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். இன்றைக்குக் கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

வாலு அவளுடைய ஒரே மகள். பதினாறு வயசாகியும் வீட்டில் வைத்த பேர் போகவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்ததே என்று ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்தபடி நின்று சாப்பிட்டுவிட்டு வந்தாள். இதென்ன பழக்கமோ! ஸ்கூலில் அத்தனை ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்தோடு சாப்பிடுகிற பெண், அம்மா பக்கத்தில் நின்று சாப்பிட வெட்கப்படுகிறது.

“ம்மா, அந்தக் கையை விடு. சட்டையே கிழிஞ்சிடும்போல.”

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வலது கைச் சட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரருக்கு இந்த நாட்டில் பி.ஆர். இருக்கிறது. நிரந்தரமாக இருந்துகொள்ளலாம் என்று அட்டை கொடுத்திருக்கிறார்கள். என்ன நிரந்தரம், போங்கள்! அட்டை பையில் இருந்தால் மட்டும் போதாது. அஞ்சு வருஷத்தில் பாதியாவது ஆள் இங்கே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது வாசலிலேயே நிறுத்திவைத்து, எங்கே போனாய், ஏன் போனாய் என்று குடைவார்கள். சொல்கிற காரணம் அவர்கள் மனசுக்குப் பட்டால் விடுவார்கள். படாவிட்டால் வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். அப்புறம் முதலிலிருந்து மனுப் போட்டு, அது எந்தக் காலத்தில் கிடைக்குமோ, யார் கண்டது?

அவர் ஊருக்குப் போய் மூன்று வருஷம் தாண்டிவிட்டது.

போனது என்னவோ ஒரு மாசத்துக்குத்தான். அவருடைய அப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டார். “ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவர். வந்ததும் வேலைக்கு ஓட வேண்டுமே என்று ரிப்பேர் சாமான் பையைக் கதவோரமாகவே வைத்துவிட்டுப் போனார். அந்தப் பை இன்னும் கதவோரமாகவே இருக்கிறது. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அப்பாவும் கண்ணை மூடிவிட்டார். அதற்கப்புறமும் ஆறு மாசம் வரவில்லை.

அங்கே அவரைப் பிடித்துவைத்தது எது? இதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. மாமனாரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அண்ணனும் அண்ணியும் அதே வீட்டில் இருந்தார்கள். “அண்ணன் தாங்கு தாங்குன்னு தாங்குறார், நீ கவலைப்படாத” என்று இவரே வாராவாரம் சொன்னார். அப்படியென்றால் இவருக்கு அங்கே என்ன வேலை? வாயைத் திறந்து கேட்க அவளுக்குப் பயம். கேட்டு, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

சரி, அவள் மட்டும் என்ன ஒழுங்கு? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேச உட்காருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு கூத்தே நடக்கும். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி, கூடத்துச் சுவர் பாதி ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அந்தச் சுவர் தெரியாத மூலையாகப் பார்த்து ஃபோனை நிறுத்துவாள். தலையை வாரிக்கொள்வாள். வெயில் கொளுத்தினாலும் முழுக்கை சட்டையை மாட்டிக்கொள்வாள். “ஷூட்டிங் ஆரம்பிக்கலாமா?” என்பாள் வாலு. “நல்லா இருக்கீங்களா?” “நான் நல்லா இருக்கேன். நீங்கல்லாம்?” “எல்லாரும் நல்லா இருக்கோம்.” அவ்வளவுதான், முடிந்தது. தூரத்தில் கிடக்கிற மனுஷன் காதில் கெட்டதைப் போட்டு என்ன ஆகப்போகிறது? அவள் அம்மா அப்படித்தான் இருந்தாள், அவளும் அப்படித்தான் இருந்தாள்.

முழுக்கை சட்டைக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் அங்கேதான் வந்து குவியும். துவைத்த விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒத்தை ஆளாக அதைச் செய்யவே கூடாது. அன்றைக்கு அவளுடைய ஜோடி, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண், உடம்பு முடியவில்லை என்று வரவில்லை. வேலையோ தலைக்கு மேலே. இவள் தனியாகவே விட்டாள். ஒரு முனை மடங்கிக்கொண்டது. நீவிவிடலாம் என்று கையை நீட்டினாள், சட்டையோடு சேர்த்து உள்ளே இழுத்துவிட்டது. நிறுத்துகிற பட்டன் ஜோடி நிற்கிற பக்கத்தில் இருந்தது. யாரோ ஓடிவந்து அதை அமுக்குவதற்குள் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார். “நீ வர முடியுமா?” என்று அவர் ஃபோனில் கேட்டார். “லீவு தர மாட்டேங்கிறாங்க,” என்றாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. “சரி” என்றார், அவ்வளவுதான். அந்தச் சரிக்குப் பிறகு அவர் பேச்சே குறைந்துபோனது.

ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

குடியேற்ற அதிகாரி பேசுகிறேன் என்றது ஒரு பெண்குரல். உங்கள் கணவர் எங்களிடம் இருக்கிறார், உங்களையும் சில கேள்விகள் கேட்க வேண்டும், உள்ளே வர முடியுமா என்று கேட்டது. முடியாது என்றா சொல்ல முடியும்?

“என்னம்மா?” என்றாள் வாலு.

“ஒண்ணுமில்ல. நீ இங்கயே உக்காந்திரு.”

“ஒண்ணுமில்லன்னா உன்னை எதுக்குக் கூப்பிடறாங்க?”

சீருடைக்காரர் ஒருத்தர் வந்து கதவைத் திறந்துவிட்டார், பின்னாலேயே போனாள்.

ஜன்னல் இல்லாத அறை. தரையோடு திருகி முடுக்கிய மேஜை, நாலு நாற்காலி, தொடப்படாத ஒரு காகிதக் கோப்பைத் தண்ணீர். அவர் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஃபோனில் தெரியாத நரை, அல்லது இவள் பார்க்காத நரை. அவளைப் பார்த்ததும் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி மெள்ள எழுந்து நின்றார்.

“வந்துட்டியா?”

“ம்.”

மூன்று வருஷத்துக்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்தது. தேவையா இது? நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தால் இப்படிக் குற்றவாளி மாதிரி இந்த அறையில் நிற்க வேண்டியிருக்குமா?

அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயசுக்காரி. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பேச்செல்லாம் அந்த நாட்டு பாஷையில்தான். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது சரளமாகிவிட்டது. அவருக்குத்தான் பழக்கம் விட்டுப்போய், ஒவ்வொரு வார்த்தையாகத் தேட வேண்டியிருந்தது.

“இவர் இங்க இருக்க வேண்டிய அளவு இருக்கல. அதை அவரே ஒத்துக்கிட்டார்,” என்றாள் அதிகாரி. “அப்பாவைப் பாத்துக்கத்தான் தங்கினேன்கிறார். நான் ரெண்டு விஷயம்தான் பாக்கணும். அங்க இவர் இருந்தே ஆகணும்கிற நிலைமை இருந்ததா? இவரைத் திருப்பி அனுப்பினா உங்களுக்குக் கஷ்டமா?”

“கஷ்டம்தான்,” என்றாள் அவள்.

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, மேஜைமேல் இருந்த அவருடைய ஃபோனைத் தள்ளிவைத்துத் தாள்களை எடுத்தாள். “இவர் ஃபோன்ல நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டதை மெஷின் எங்க பாஷையில மாத்திக் குடுத்திருக்கு. இது இவர் உங்களுக்கு எழுதினது. ‘அண்ணனும் அண்ணியும் அப்பாவை நல்லா பாத்துக்கிறாங்க. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. சாப்பிடறதும் தூங்கறதும்தான்.’ சரியா?”

“சரி.”

“இது நீங்க எழுதினது. ‘இங்க ஒரு குறையும் இல்ல. எனக்கு வேலை சுலபம். நீங்க அவசரப்பட்டு வரணும்னு இல்ல. வால் நண்பர்கள் கூட்டத்தோட சந்தோஷமா இருக்கு.’” அதிகாரி நிமிர்ந்தாள். “வால்னா என்ன? நாயா?”

“என் பொண்ணு,” என்றாள் அவள்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை. “இது ஒண்ணு ரெண்டு இல்ல. வாராவாரம் இப்படித்தான் இருக்கு. அங்க அவரோட அப்பாவுக்கு ஆள் இருந்திருக்கு. இங்க உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ரெண்டையும் நான் சொல்லல, நீங்களே எழுதியிருக்கீங்க. விமானம் மத்தியானம் திரும்பிப் போகுது. அதுக்குள்ள நான் முடிவு பண்ணணும்.”

ஐயோ, அந்த ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டல்லவா எழுதினாள்! கட்டுப்போட்ட கையோடு, இடது கைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதியதுதான் அந்த ‘வேலை சுலபம்.’ அதையே எடுத்து இந்த அம்மா அவள் புருஷனை நாடு கடத்தப் பார்க்கிறாள்.

“நாங்க அப்படித்தான் எழுதுவோம்,” என்றாள்.

“எப்படி?”

“தூரத்துல இருக்கிறவங்களுக்கு நல்லதை மட்டும்தான் எழுதுவோம்.”

“அப்ப இதெல்லாம் பொய்யா?”

“பொய்யின்னு இல்ல...”

“அப்ப உண்மையா?”

இதற்கு என்ன சொல்வது? இப்படி ஒரு கேள்வியை அவள் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. ஊரில் ஒரு குழந்தைக்குக்கூட இது தெரியும், கேட்காது.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள். “உங்க அண்ணன் அப்பாவைப் பாத்துக்கிட்டாரா, இல்லையா?”

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். “அண்ணன்... பாத்துக்கிட்டார்,” என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டாள். பேனா நகருகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது.

“அப்ப நீங்க அங்க என்னத்தைக் கிழிச்சீங்க?” என்று தமிழில் வெடித்தாள். “மூணு வருஷம்! உங்களுக்கு அங்க யார் இருக்கா? எனக்குத் தெரிஞ்சாகணும். இங்கயே, இப்பவே சொல்லுங்க!”

“நீ வேற, சும்மா இரு.”

“சும்மாதான் இருந்தேன் இத்தனை நாளும்!”

“எனக்கும் புரியற மாதிரிப் பேசுங்க,” என்றாள் அதிகாரி. குரல் ஏறவில்லை. “கஷ்டம்னு சொன்னீங்களே. என்ன கஷ்டம்? ஒண்ணு சொல்லுங்க.”

சொல்லலாம். சொன்னால் பக்கத்தில் இருக்கிற மனுஷன் கேட்பார். அப்பா சாவுக்கு மருமகள் வரவில்லை என்று உறவுக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றவர் அவர். லீவு என்று சொன்னது பொய் என்று அவர் இங்கேயா தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு மூன்றாம் மனுஷி முன்னாலா? சொல்லாவிட்டால் மத்தியானம் விமானம் போய்விடும். அவள் சட்டைக் கையின் பட்டனைப் பிடித்தாள். இடது கைக்கு அது சட்டென்று கழன்றுவரவில்லை. வாலுவே தினம் போட்டுவிட்டுப் பழக்கிவிட்ட பட்டன்.

சட்டையை முழங்கைக்கு மேலே மடித்து, கையை மேஜைமேல் வைத்தாள்.

நிறமே வேறாக இருந்தது அந்தக் கை. மணிக்கட்டிலிருந்து தோல் இழுத்துக்கொண்டு, சில இடத்தில் பளபளவென்று, சில இடத்தில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு போனது. இரண்டு விரல் முழுசாக மடங்காது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். அவரிடமிருந்து வந்த சத்தம் வார்த்தையாக இல்லை. பிறகுதான் வார்த்தை வந்தது.

“இது... இது எப்போ?”

“மாமா தவறின வாரம்.”

“லீவு தரலைன்னியே.”

“ஆமா, சொன்னேன்.”

“அடிப்பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், அழுதால் பேச முடியாது. அதிகாரியைப் பார்த்து ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். உருளையைச் சொன்னாள், நெட்டை வராததைச் சொன்னாள், பட்டன் அந்தப் பக்கம் இருந்ததைச் சொன்னாள். மூன்று மாசம் மகள்தான் தலை பின்னிவிட்டு, பல்லில் பேஸ்ட் வைத்துக் கொடுத்து, சமைத்துப் போட்டாள் என்றாள். சுவரில் பூஞ்சை என்றாள். “எழுதிக்கோங்க. ‘ஒரு குறையும் இல்ல’ன்னு நான் எழுதின இடத்துலேயே இதையும் எழுதிக்கோங்க,” என்றாள். சொல்லச் சொல்லக் கோபம் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

அதிகாரி எழுதி முடித்தாள். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். அந்த நாட்டு பாஷையில் இரண்டு வார்த்தை வந்தது, மூன்றாவது வரவில்லை. மனைவியிடம் திரும்பினார்.

“நான் சொல்றேன், நீ அவங்ககிட்ட சொல்லு.”

“சொல்லுங்க.”

“அண்ணன் இல்ல.”

“என்ன?”

“அண்ணன் இல்லம்மா. நான் போன ரெண்டாவது மாசமே கிளம்பிட்டான். பீ, மூத்திரம் நாத்தத்துல பிள்ளைங்களை வெச்சு வளக்க முடியாதுன்னு அண்ணி சொல்லிட்டா. வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சாவுக்குத்தான் வந்தான்.”

அதிகாரி காத்திருந்தாள். “என்ன சொன்னார்?”

கஷ்டப்பட்டுச் சொன்னாள். அவளே இப்போதுதான் கேட்கிற விஷயத்தை, உடனே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

“கூட யார் இருந்தது?” என்றாள் அதிகாரி.

“யாருமில்ல. வேலைக்கு வந்த ஆளுங்க ஒருத்தரும் நிக்கல. அப்பா கத்துவார், அடிப்பார்.”

“நம்பக் கஷ்டமா இருக்கு,” என்றாள் அதிகாரி. பேனாவைக் கீழே வைக்கவில்லை. “அந்த மாதிரி படுத்திருக்கிறவரைப் புண்ணு வராம அடிக்கடி புரட்டணும். ஒரு ஆளால முடியாது. நீங்க எப்படிப் புரட்டினீங்க?”

மனுஷன் இதற்கு என்ன சொல்லப்போகிறார்? திரும்பவும் எதையாவது மென்று முழுங்கினால் எல்லாம் போச்சு.

அவர் யோசிக்கவே இல்லை. “விரிப்பாலதான்,” என்றார். “முதுகுக்கு அடியில ஒரு விரிப்பைக் குறுக்கப் போட்டிருப்பேன். அந்தப் பக்க முனையை ஜன்னல் கம்பியில கட்டிடுவேன். இந்தப் பக்க முனையை நான் பிடிச்சுத் தூக்கினா அப்பா அந்தப் பக்கம் சாய்வார். கம்பியில கட்டியிருக்கிறதால விழ மாட்டார். அப்படியே ஒரு முழங்காலைக் கட்டில்ல ஊனி, ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால முதுகுப் பக்கம் தலகாணியைத் திணிப்பேன். நைலான் விரிப்புன்னா முடிச்சு நழுவும். பருத்தின்னாதான் நிக்கும்.”

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பு வரவில்லை.

வரவில்லை, ஏனென்றால் அவள் அந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு அவள் கையில் வந்து போகிறது! ஒரு விரிப்புக்கு இரண்டு முனை, இரண்டு ஆள். எதிர் முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அதை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார் இந்த மனுஷன். யாரும் இருந்திருந்தால் இப்படி ஒரு முடிச்சைப் போட அவருக்குத் தோன்றியே இருக்காது. அண்ணன் இல்லை, அண்ணி இல்லை, அவள் பயந்த எவளும் இல்லை. இங்கே அவள் ஒத்தையாக உருளையில் விரிப்பை விட்டுக்கொண்டிருந்தபோது அங்கே அவர் ஒத்தையாக இதைச் செய்துகொண்டிருந்தார்.

“ஜன்னல் கம்பியிலயா?” என்றாள்.

“ஆமா. வேற எதுல கட்டறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் அதிகாரிக்குச் சொன்னாள். பருத்தி, நைலான் உட்பட எல்லாம் சொன்னாள். அதிகாரி இந்தத் தடவை நிறைய எழுதினாள்.

“அப்பா தவறின பிறகு ஆறு மாசம்?”

“முதுகு,” என்றார் அவர். “தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு. அப்பா போனதும் நான் படுத்தேன். பாத்ரூமுக்கு எழுந்து போறதே பெரும்பாடு. இப்பதான் நடமாட்டம்.”

மேஜையில் கையை ஊன்றி எழுந்தாரே, அது அவளுக்கு ஞாபகம் வந்தது. மாமனார் இருந்தவரை வாரம் தவறாமல் வாசப்படியில் உட்கார்ந்துதான் வீடியோவில் பேசுவார், ஏன் உள்ளே போவதே இல்லை என்று கேட்டதற்கு, “இங்கதான் காத்து வருது” என்பார். ஆளில்லாத வீடு தெரியாமல் இருக்கத்தான் அது என்று இப்போது புரிந்தது.

“இதையெல்லாம் இவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கிளம்பி வந்துடுவா. வேலையை விட்டுடுவா, பொண்ணு படிப்பும் போயிடும். அப்புறம் மூணு பேர் பி.ஆரும் போயிருக்கும்.”

“நீங்க ஏன் சொல்லல?” என்று அவள் பக்கம் திரும்பினாள் அதிகாரி.

“சொன்னா இவர் அப்பாவை விட்டுட்டு ஓடி வந்துடுவார்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். “பொண்ணு எப்படி இருக்கா? இதுல அவளுக்கு என்ன பாதிப்பு?”

“இல்ல, அவ நல்லா இருக்கா,” என்றாள் அவள் சட்டென்று. “அவளைப் பத்தி எழுதினது மட்டும் நிஜம். சிரிச்சுப் பேசிக்கிட்டு, ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்தோட நல்லா இருக்கா.”

“கடைசியா ஒரு கேள்வி. இவர் வரணும்னு நீங்க விரும்பறீங்களா?”

அவளுக்கு வந்ததே ஆத்திரம்! “பின்ன எதுக்குங்க நான் சட்டையை மடிச்சுக் காட்டினேன்? என்ன, வேடிக்கைக்கா?”

அதிகாரி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, மேலதிகாரியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் மெதுவாக அவள் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டார். தழும்பைத் தொடவில்லை, பார்த்தார்.

“நீ சாவுக்கு வரலைன்னு உன்னை நான் மனசுக்குள்ள எவ்ளோ திட்டினேன் தெரியுமா?”

“நான் மட்டும்? அங்க எவளையோ வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

“எங்கப்பாவை வெச்சுக்கிட்டா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “லூசுங்க நீங்க. சரியான லூசு.”

“நீ ரொம்பத் தெளிவு. போ.”

“அனுப்பிடுவாங்களா?”

“தெரியலையே.”

தெரியாதுதான். வெளியே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கும், அவள் நிமிர்ந்து உட்காருவாள், சத்தம் கதவைத் தாண்டிப் போய்விடும். மூன்றாவது தடவை அப்படிப் போனபோது, போகட்டும், அனுப்பினால் இந்தத் தடவை நானும் கூடவே ஏறிவிடுகிறேன் என்று மனசில் முடிவே செய்துவிட்டாள். வேலையாவது மண்ணாங்கட்டியாவது.

அதிகாரி வந்தாள். உட்காரவில்லை. பாஸ்போர்ட்டையும் அட்டையையும் மேஜைமேல் வைத்தாள்.

“காரணம் ஏத்துக்கிட்டாச்சு. நீங்க நாட்டுக்குள்ள போகலாம்,” என்றாள். ஏதோ இன்னும் சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். “நீங்க எழுதினதை மட்டும் நம்பியிருந்தா இந்நேரம் அனுப்பியிருப்பேன்.” அவ்வளவு சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே வாலு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தவள், இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். போகும்போது அவர் தோளுக்குக் கீழே இருந்த பெண், இப்போது அவர் உயரம்.

“எப்படிப்பா இருக்கீங்க?”

“நல்லா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். “முதுகு போச்சுடா. நிமிரவே முடியல.”

வாலு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்தபடியே இருந்தது.

“சொல்லிட்டியா?”

“எல்லாத்தையும் சொல்லியாச்சு. அவரும் சொல்லிட்டார். இனிமே நம்ம வீட்ல ஷூட்டிங் கிடையாது,” என்றாள் அவள். மூன்று வருஷத்தில் இல்லாத அளவு மனசு லேசாக இருந்தது.

வாலு இதற்கு ஏதாவது நக்கல் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அப்பாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசல் கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

“அப்ப நானும் ஒண்ணு சொல்லணும்.”

“என்னடி?”

“எனக்கு ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸே கிடையாதும்மா. யாரும் என்கூடப் பேச மாட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல மாடிப்படிக்குக் கீழ போய் நின்னுக்கிட்டு, ஒத்தையா சாப்பிட்டுட்டு வந்துடுவேன்.”

சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தாள். முடியவில்லை.

காலையில் தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு அம்மாவின் கண்முன்னால் வந்தது. உள்ளே, அந்த மேஜைமுன்னால், இது மட்டும் நிஜம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் பெட்டியை மகள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவள் மகளை இழுத்துப்போய் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“முதல்லேருந்து சொல்லு,” என்றாள் அவள்.